முகவரி தீர்ந்த பிறகும் தயக்கம் ஏன்?

பாரோய் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கில் காற்பந்தாட்டம் நடக்கும் ஓர் இரவை நினைத்துப் பாருங்கள், மாணவர்களே. எத்தனை ரசிகர்களோ, ஏறக்குறைய அத்தனை கைப்பேசிகள். இணையத்தில் பேச ஒவ்வொன்றுக்கும் முகவரி தேவை.

பழைய ஐபிவி4 முறையில் முகவரியின் நீளம் 32 பிட். ஆக, மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தாம். உலக மக்கள்தொகைக்கே போதாது. 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் வட்டாரப் பதிவகங்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. 1995-லேயே வகுக்கப்பட்ட ஐபிவி6 முகவரியோ 128 பிட் நீளமுடையது. அதன் எண்ணிக்கையை எழுத 340-க்குப் பின் 36 பூஜ்யங்கள் வேண்டும்.

பிறகு எப்படிச் சமாளிக்கிறோம்? உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அக்காலத்தில் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வரும்; அங்கிருந்து லயத்து வீடுகளுக்குப் போகும். இன்றும் பல சாதனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அப்படித்தான் இருக்கின்றன. உள்ளிருந்து கேட்டதற்குப் பதில் வரும். ஆனால், வெளியிலிருந்து ஒரு வீட்டை நேரே தேடி வருவது கடினம்.

“இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது?” என்று நிறுவனங்கள் கேட்கின்றன. மாற்றத்துக்குச் செலவு உண்டு. பணியாளருக்குப் பயிற்சி வேண்டும். பாதுகாப்புச் சுவரைப் புதிதாக அமைக்க வேண்டும். இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாததால், சில காலம் இரண்டையும் சேர்த்தே இயக்க வேண்டும். இவை நியாயமான கவலைகளே.

ஆனால், காத்திருப்பதற்கும் விலை உண்டு. அமேசானின் மேகக்கணிமைச் சேவை 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 அமெரிக்க டாலர் வசூலிக்கிறது. ஆண்டுக்கு அது ஏறக்குறைய 44 டாலர். முகவரிகளை முன்பே சேர்த்து வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இது உறைக்காது. புதிதாகத் தொடங்கும் சிறு நிறுவனத்துக்குத்தான் சுமை. நாளை நீங்கள் தொடங்கப்போவதும் அப்படியொரு நிறுவனமாக இருக்கலாம்.

மலேசியாவுக்கு இது புதிய துறையன்று. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தேசிய மையம் அமைக்கப்பட்டது. அதன் இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். கைப்பேசி நிறுவனங்களும் பெருமளவு மாறிவிட்டன. அலுவலகங்களும் பள்ளிகளும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இனி வாங்கும் ஒவ்வொரு கருவியும் ஐபிவி6-ஐ ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தொடங்கினால் போதும்.

இன்று உங்கள் கைப்பேசி அமைப்பில் ஐபி முகவரியைப் பாருங்கள். புள்ளிகளால் பிரிந்த எண்கள் மட்டும் இருந்தால் பழையது. முக்காற்புள்ளிகளும் தெரிந்தால் புதியதும் வந்துவிட்டது. அடுத்து, பள்ளிக் கணினியிலும் பாருங்கள்.