அரைத்தாளில் ஐந்து வரி



"இன்ஜினியரிங் பசங்களுக்கு எதுக்கு சார் எழுத்து வேலை? கணக்குப் போட்டா போதாதா?" இப்போது விரிவுரையாளராக இருக்கும் என் பழைய மாணவர் நேற்று போனில் கேட்டார். போதாது என்பதே என் பதில்.

முதலாமாண்டு மெக்கானிக்ஸ் வகுப்பு. தரையில் 10 கிலோ பெட்டி. உராய்வுக் கெழு 0.4. பக்கவாட்டில் 20 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம், பெட்டி அசையவில்லை. உராய்வு விசை எவ்வளவு? பாதி வகுப்பு சூத்திரத்தில் போட்டு 39 என்று எழுதும். "ஏன் என்று ஐந்து வரி எழுது" என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது வரியில் பேனா நிற்கும். 39 என்றால் பெட்டி தள்ளியவன் மேலேயே அல்லவா வந்து மோத வேண்டும்! 39 என்பது உச்சவரம்பு; அங்கே இருப்பது 20தான். அந்தத் தடுமாற்றம்தான் படிப்பு.

"லேப் ரெக்கார்டு எழுதுகிறார்களே" என்பீர்கள். அது சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது. அதற்குக் கை போதும், தலை வேண்டாம்.

"அறுபது பேர் தாளை யார் திருத்துவது?" மார்க்கே போட வேண்டாம். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம், அரைத்தாள், தமிழிலும் எழுதலாம். பத்துத் தாளைப் படித்தாலே எங்கே சறுக்கினார்கள் என்பது தெரிந்துவிடும். மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

நானும் பல வருடம் போர்டை நிரப்பிவிட்டு, பாடம் முடிந்தது என்று கிளம்பியவன்தான். ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளில்தான் இதைச் செய்தேன். அதற்கு முன் என்னிடம் படித்தவர்கள் மன்னிக்கவும். இப்போது பாடம் நடத்தும் நீங்களாவது தாமதிக்காதீர்கள்.