எத்தனை டிசைன் போடும்?

வீட்டோடு தையல் தொழில் தொடங்கும் நம்மவர்கள் மெஷின் வாங்கப் போனால் முதலில் கேட்பது 'இது எத்தனை டிசைன் போடும்?' என்றுதான். கடைக்காரரும் இலையும் பூவும் போட்டுக் காட்டி விற்றுவிடுகிறார்.

அபாயாவின் கைவிளிம்பில் ஓடும் பூத்தையல் வாடிக்கையாளரைக் கவரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், தைத்த உடுப்பு திரும்பி வருவது பெரும்பாலும் மூட்டு விட்டுப் போவதால். இழுபடும் ஜேர்சித் துணியை வெறும் நேர்த்தையலில் மூட்டினால், கையை உயர்த்தும்போதே நூல் அறலாம். ஒடுங்கிய ஸிக்ஸாக் அல்லது முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று போகும் ஸ்ட்ரெச் தையல் போட்டால், துணியோடு நூலும் இழுபட்டுக் கொடுக்கும். ஓவர்லொக் மெஷின் வாங்க வசதியில்லாதவர் துணி ஓரம் பிரியாமல் ஸிக்ஸாக்கால் கட்டலாம். காற்சட்டை, பாவாடை அடி மடிப்புக்கு வெளியே நூல் அவ்வளவாகத் தெரியாத பிளைன்ட் ஹெம் இருக்கிறது. இவையெல்லாம் அதே மெஷினிலேயே கிடக்கின்றன, நாம்தான் திருப்பிப் பார்ப்பதில்லை!

பூத்தையலிலும் கணக்குண்டு. நெருக்கமான தையல் நூலை விழுங்கும், நேரமும் எடுக்கும். அடியில் தாள் வைக்காவிட்டால் மெல்லிய துணி சுருங்கும். அடிப்பக்கம் பள்ளமுள்ள பாதத்தை மாட்டாவிட்டால் நூல் ஓரிடத்தில் குவியும். இவ்வளவு பாடுபட்டுவிட்டு, 'தெரிந்தவர்தானே' என்று சாதாரணக் கூலியை வாங்குவது என்ன வியாபாரம்? நீளத்தை அளந்து தனிக்கூலி சொல்லுங்கள்.

அடுத்த மெஷின் வாங்கப் போகும்போது ஒரு துண்டு ஜேர்சியைக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே மூட்டித் தரச் சொல்லி இழுத்துப் பாருங்கள். டிசைனைப் பிறகு எண்ணலாம்.