இல்லமும் நலமும்: ஒரு குருதிச் சீட்டின் கணக்கு

ஸ்ரீவராகத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விருந்தினராக வருவோர் அனைவரும் பத்மநாப சுவாமியைச் சேவிக்க வருவோர் அல்லர். 1981-ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் தோன்றிய பின்னர், நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து நோயுற்ற குழந்தையுடன் வரும் உறவினரும் நம் இல்லங்களில் தங்குவதுண்டு. அத்தகைய பெற்றோர் கையில் ஏந்திக் கலங்கும் ஒரு சீட்டைப் பற்றி இத்திங்கள் எழுதுகிறோம்.

குழந்தைகளின் ஈரலில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஹெப்படோபிளாஸ்டோமா. பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்டோரையே இது பற்றுகிறது. இந்நோயுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேருக்குக் குருதியில் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் மிகுந்து நிற்கும். சீட்டில் ஏ.எஃப்.பி. என்று காண்பது இதுவே. கருவிலுள்ள சிசுவின் ஈரல் இயல்பாகச் சுரக்கும் இப்பொருளைப் புற்றணுக்களும் சுரக்கின்றன. 1964-இல் டாட்டாரினோவ் என்னும் சோவியத் அறிஞர் ஈரல் புற்றுநோயாளரின் குருதியில் இதனைக் கண்டறிந்தார்.

பிறந்த குழந்தைக்கு நோயேதுமின்றியே ஒரு மில்லி லிட்டர் குருதிநீரில் இது பல்லாயிரம் நானோகிராம் இருக்கும்; பெரியோர்க்கோ பத்துக்கும் குறைவே. அந்நிலைக்கு இறங்கக் குழந்தைக்கு ஓராண்டளவு ஆகும். சிலருக்கு மேலும் ஆகலாம். ஆகவே வயதை நோக்காமல் எண்ணை மட்டும் நோக்குதல் கூடாது.

சிகிச்சையின்போது இந்த எண் படிப்படியாக இறங்குவதே நற்குறி. கட்டியை முழுதும் அகற்றிய பின்னரும் குருதியில் எஞ்சிய புரதம் பாதியாகக் குறைய ஐந்து முதல் ஏழு நாள் செல்லும். வாரத்துக்குப் பாதி என்று கொண்டால், 64,000 என்பது 32,000 ஆகி, பின்னர் 16,000 ஆகி, பத்துக்குக் கீழே வரப் பதின்மூன்று வாரங்கள் ஆகும். அறுவை முடிந்த மறுவாரம் ஆயிரக்கணக்கில் எண் இருப்பது கண்டு தாய்மார் அழ வேண்டுவதில்லை.

குளத்து நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஒருநாள் பார்த்துக் கூற இயலுமோ? இதுவும் அத்தகையதே. ஈரல் மீண்டும் வளரும்போது எண் சற்றே உயரலாம். தொடர்ந்து உயர்ந்தால் மருத்துவர் வயிற்றையும் நுரையீரலையும் படமெடுத்து ஆராய்வர். நோய் காணும்போதே எண் நூறுக்கும் குறைவாயிருப்பின் அதனை நற்குறி என்று கொள்ளார்; கடுமையான வகையாயிருக்கலாமென்று கூடுதல் கவனம் செலுத்துவர்.

ஆகையால் அன்பர்கள் செய்யத்தக்கவை மூன்று. சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வைக்கச் செய்யுங்கள். இயன்றவரை ஒரே பரிசோதனைச் சாலையில் பார்க்கச் சொல்லுங்கள். சாலைக்குச் சாலை முறையும் அளவையும் வேறுபடும். எண் இறங்கிவிட்டதென்று மருந்தை இடையில் நிறுத்தி ஊர் திரும்ப முயல்வோரைத் தடுத்து, மருத்துவர் விடை கொடுக்கும்வரை நம் வீட்டிலேயே இருத்துங்கள். விருந்தோம்பலில் இதனினும் சிறந்தது வேறில்லை.