இல்லாதவனை மிரட்டுவோர்க்கு

இணையப் போக்கர் மேசைகளில் ஓதப்படும் மந்திரம் ஒன்றுண்டு: "கையிருப்பு குறைந்தவனை மிரட்டு, ஓடிவிடுவான்." இதை நாம் மறுக்கிறோம். இப்பிழைக்குத் திரைப்படங்களும் காரணம். 1965இல் வந்த 'தி சின்சினாட்டி கிட்' படத்தில், கடைசி ஆட்டத்தில் கையில் இல்லாத பணத்துக்குக் கடன்படுகிறான் நாயகன். இணைய மேசையின் விதி வேறு: மேசைமீதுள்ள பணம் மட்டுமே பந்தயம், அது தீர்ந்தவனை எவரும் வெளியேற்ற இயலாது.

2-4 டாலர் லிமிட் ஹோல்டம் ஆட்டத்தையே கொள்வோம். முதலிரு சுற்றுகளில் பந்தயம் 2 டாலர். பின்னிரு சுற்றுகளில் 4. எஞ்சிய 6 டாலரையும் இட்டுவிட்டவன் ஐந்து பொதுச் சீட்டுகளையும் கண்டே தீருவான். அவனிடம் பொய்ப்பந்தயம் செல்லாது. பின்னால் சேருமென்று நம்பும் 7-6 போன்ற சீட்டுகளும் மதிப்பிழக்கும். சேர்ந்தாலும் பெறுவதற்கு அவனிடம் மிச்சமேது? ஏஸ், ராஜா போன்ற பெருஞ்சீட்டுகளே கைகொடுக்கும். மூன்றாமவர் ஒருவர் இருக்கையில் வெறுங்கையோடு பந்தயம் கட்டுவது இன்னும் பேதைமை: அவனை வெல்லக்கூடியவரை விரட்டிவிட்டுக் குவியலை அவனுக்கே தாரைவார்ப்பது அது.

இல்லாதவன் அஞ்சுவான் என்பது கணக்கன்று, பணத்திமிர். உள்ளதெல்லாம் வைத்துவிட்டவனிடம் அது எடுபடாது.