பார்மட் செய்யும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

"ஆண்ட்டி வைரஸ் அப்டேட் ஆக மாட்டேன் என்கிறது, கடைக்காரர் பார்மட் பண்ணணும்னு சொல்றார்." சொந்தக்காரர்கள் போன் செய்தால் பாதி நேரம் இதுதான் விஷயம். சாப்ட்வேர் இன்ஜினியர் என்றாலே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன் என்று நினைக்கிறார்கள். போகட்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் சித்தப்பா இப்படித்தான் பார்மட்டுக்குச் சம்மதித்தார். ஆண்ட்டி வைரஸ் சரியாகிவிட்டது. ஆனால் பாட்டியின் கடைசித் தீபாவளிப் போட்டோக்கள் போய்விட்டன. டெஸ்க்டாப்பில் வைத்திருப்பதும் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கடைக்காரரும் கேட்கவில்லை.

சென்ற மாதம் மறுபடி அதே தொல்லை. இந்த முறை நானே போய்ப் பார்த்தேன். ஒரு ஆண்ட்டி வைரஸ் இருக்கும்போதே யாரோ இன்னொன்றை இன்ஸ்டால் செய்திருந்தார்கள். பழையதை நீக்குவதாக நினைத்து அதன் போல்டரை டெலீட் செய்யவும் முயன்றிருக்கிறார்கள். இதற்குப் பார்மட் தேவையே இல்லை. முறையாக நீக்கிவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்தால் போதும் என்பது என் கருத்து.

ஆண்ட்டி வைரஸ் மற்ற புரோகிராம்களைப் போன்றதல்ல. விண்டோஸ் இயங்கத் தொடங்கும்போதே அதன் டிரைவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்து, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பைலையும் சோதிக்கின்றன. 2024 ஜூலை 19ல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியது நினைவிருக்கலாம். அவ்வளவு ஆழத்தில் இருப்பதை போல்டரை அழித்து நீக்க முடியுமா? இரண்டு ஆண்ட்டி வைரஸ்கள் இருந்தால் ஒரே பைலுக்கு இரண்டும் போட்டி போடும்.

முதலில் லைசென்ஸ் கீயைக் குறித்துக் கொள்ளுங்கள். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு கண்ட்ரோல் பேனல் வழியாக அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து மீண்டும் ஆன் செய்வது போதாது. விண்டோஸ் 10, 11ல் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், ஷட்டவுனில் டிரைவர்கள் முழுமையாக விடுபடுவதில்லை.

இதற்கும் அசையவில்லை என்றால், நார்ட்டன், மெக்காபி, அவாஸ்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் புரோகிராமை அடியோடு நீக்க இலவச டூல்களைத் தருகின்றன. அதை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே டவுன்லோட் செய்யுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். சில டூல்களை சேப் மோடில் இயக்க வேண்டியிருக்கும். ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டே ரீஸ்டார்ட் கிளிக் செய்தால் அதற்கான மெனு வரும்.

இடைப்பட்ட நேரத்தில் வைரஸ் புகுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். வேறு ஆண்ட்டி வைரஸ் இல்லை என்றால் விண்டோஸுடன் வரும் டிபெண்டர் தானாக வேலையைத் தொடங்கிவிடும். உண்மையில் வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும் என்பேன். சித்தப்பா சம்மதிக்கவில்லை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே!

மொத்த வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பாட்டியின் போட்டோக்களில் நான்கு மட்டும் அத்தையின் பழைய போனில் கிடைத்தன. அவற்றை இரண்டு பென் டிரைவ்களில் காப்பி செய்து கொடுத்திருக்கிறேன்.