மூக்குச் சக்கரம் வேண்டாம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கிறேன். தும்பா இருக்கும் ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை, வரவேற்கிறேன். எந்த விமானத்தை வாங்குவது என்பதில்தான் பெற்றோருடன் எனக்குக் கருத்து வேறுபாடு.

பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து, சங்குமுகம் பக்கம் வந்திறங்கும் ஜெட் விமானத்தைப் போலவே மூக்கின் கீழ் ஒரு சக்கரமும் இறக்கையின் கீழ் இரண்டும் உள்ளதைத்தான் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அமைப்பு தார் போட்ட ஓடுதளத்துக்கு உரியது. நம் பிள்ளைகளுக்கு ஓடுதளம் எங்கே கிடைக்கிறது?

கரமனையில் இடம் இருந்தாலும் விட முடியாது. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. கரமனை முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. ஆகவே விமானம் பெட்டிக்குள் கோடை விடுமுறை வரை காத்திருந்து, பிறகு தாத்தா ஊருக்குப் போகிறது. நம்மில் பலருக்கு அது நாஞ்சில் நாடு. (அங்கும் வான்வெளி வரைபடத்தையும் பதிவு விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், மகேந்திரகிரிப் பக்கம் போகவே வேண்டாம்.) சித்திரையில் அங்கே கும்பப்பூ அறுத்த வயலில் தாள் விறைத்து நிற்கும். குளத்தங்கரைப் புறம்போக்கில் மாடு மேய்ந்த புல் திட்டுத் திட்டாக இருக்கும். மழையில் பதிந்த குளம்படிகள் காய்ந்து குழியாகக் கிடக்கும். இந்தத் தரைக்குத்தான் சக்கரம் தேட வேண்டும்.

மூக்குச் சக்கரம் ஒற்றைக் கம்பியில் நிற்பது. குழியில் அது மாட்டினால் விமானத்தின் வேகம் முழுவதும் அந்தக் கம்பியின் மேல் வருகிறது. கம்பி பின்னால் மடங்கும். மடங்காவிட்டால் அதைத் தாங்கும் முன்பலகை தெர்மகோலோடு பெயர்ந்து வரும். மோட்டாரும் அதே பலகையில் இருந்தால் பையனின் விடுமுறை அன்றோடு முடிந்தது. பிறகு அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விடும். எனக்கு வருத்தம் அதில்தான்.

முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம் என்ற பழைய அமைப்பே நம் புல்தரைக்குப் பொருந்தும். மூக்கு நிமிர்ந்து, விசிறி புல்லைத் தொடாமல் விலகி நிற்கும். 1935-இல் டாடா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் பம்பாயிலிருந்து நம் திருவனந்தபுரத்துக்கு வந்திறங்கியபோது அதற்கு மூக்குச் சக்கரம் கிடையாது. விமானங்கள் புல்தரையில் இறங்கிப் பழகிய காலம் அது.

இதிலும் குறை உண்டு. எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது வால் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொள்ளப் பார்க்கும். பெரிய விமானங்கள் மூக்குச் சக்கரத்துக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு சக்கரங்களின் முன்பக்கத்தையும் மிகச் சிறிதளவு உள்நோக்கித் திருப்பி வைத்து, தரையில் ஓடும்போது வால் தரையில் அழுந்தும்படி குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அச்சு, இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே இருக்கட்டும். பின்னால் தள்ளினால் புல் தடுக்கிக் குப்புற விழும். ரொம்ப முன்னால் தள்ளினால் இறங்கும்போது துள்ளும்.

சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு கிலோ விமானத்துக்கு மூன்று அங்குலத்துக்குக் குறைந்து நான் சம்மதிக்க மாட்டேன். அழகுக்காகச் சக்கரத்தின் மேல் மூடி போட்டிருந்தால் கழற்றி எறியுங்கள், புல் அடைத்துக்கொள்ளும். கால்களை இரும்புத் திருகில் இறுக்காமல் நைலான் திருகிலோ ரப்பர் வளையத்திலோ கட்டுங்கள். அடி விழுந்தால் திருகு அறுந்து கால் மட்டும் கழன்று வரும், உடம்பு தப்பிக்கும்.

முதல் வருடம் சக்கரமே வேண்டாம் என்று சொன்னால் அப்பாக்களுக்குப் பிடிப்பதில்லை. சக்கரம் இல்லாமல் விமானமா என்று கேட்கிறார்கள். ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. சறுக்குக் கட்டைகளில்தான் இறங்கியது. கையால் வீசி எறிந்து, வயிற்றாலேயே புல்லில் இறக்கப் பழகட்டும். அடிவயிற்றில் பார்சல் ஒட்டும் நாடாவை இரண்டு சுற்று ஒட்டுங்கள். தரையில் பட்டால் மடங்கும் விசிறி வாங்குங்கள். எடையும் குறையும். அடுத்த கோடைக்குக் கால் மாட்டிக்கொள்ள வசதியாக அடியில் துளை விட்டிருக்கிறதா என்று மட்டும் கடையில் கேட்டு வாங்குங்கள்.