யார் கை அசுத்தம்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிற உடம்புக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் திராணி கிடையாது. மூச்சுக்கு ஒரு குழாய், கழுத்து ரத்தக்குழாயில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்த வாசல். கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்றவை பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. நோயாளி கொண்டுவந்த நோய் ஒன்று, ஆஸ்பத்திரி கொடுத்தது இன்னொன்று.

ஏன் என்று கேட்டால் விரல் நீள்வது துடைப்பம் பிடித்த பெண்ணை நோக்கி. 'சரியாக் கூட்டுறதில்ல.' அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்பதைத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீட்டு பிறப்பைப் பார்க்கும். கிருமி பார்ப்பதில்லை. சிகிச்சை தரும் கைகளில் ஏறித்தான் அது பெரும்பாலும் அடுத்த படுக்கைக்குப் போகிறது.

1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் இதைக் கண்டார். பிணத்தை அறுத்த கையோடு மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த பிரிவில், மருத்துவச்சிகளின் பிரிவைவிடத் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆனது. தங்கள் கையே சாவைச் சுமந்தது என்பதைப் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. 1865-இல் அவர் மனநலக் காப்பகத்தில் செத்தார்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 100-க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த முயற்சியின் முடிவு 2006-இல் வெளியானது. ரத்தக்குழாயில் குழாய் செருகுவதற்குக் கை கழுவுவதில் தொடங்கி ஐந்தே விதிகள். மீறுகிறவர் மருத்துவரே ஆனாலும், அவசரம் இல்லாதபோது தடுத்து நிறுத்தலாம். இவ்வழி வரும் ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை. தடுக்கும் அதிகாரம் கீழே இறங்கியது, அவ்வளவுதான்.

நான் வங்கி எழுத்தன். கையெழுத்து இல்லாத காசோலையை யார் நீட்டினாலும் திருப்பிவிடுவேன். என் வேலை நிரந்தரம், பின்னால் சங்கம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிக்கு வரும் பெண், 'கையக் கழுவிட்டுத் தொடுங்க சார்' என்று சொன்னால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்குமா?

மருத்துவக் கழிவைக் கையாள்கிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. அது கிடைத்ததா என்று ஒவ்வொரு ஊரிலும் கேளுங்கள். கையுறை, நிரந்தர வேலை, எவரையும் நிறுத்திக் கேட்கும் உரிமை: மூன்றையும் சேர்த்தே கேட்போம். அவள் வாயைக் கட்டிவைத்திருக்கிற ஆஸ்பத்திரியில் எந்தப் படுக்கைக்கும் பாதுகாப்பு இல்லை.